+86 எண்ணிலிருந்து அழைப்பு வந்தால்

கொல்லிமலையில் மிளகும் காபியும் விற்ற பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கோ கையிலுள்ள செல்போனோடு இணைந்திருக்கிறது. ஒரே ஒரு மோசடி அழைப்பில் ஒரு வெள்ளாமைப் பணமே போய்விடலாம்.

எண்ணைப் பார்ப்பது எப்படி?

சீனாவின் நாட்டுக் குறியீடு +86. அதன்பின் 1-இல் தொடங்கும் 11 இலக்கங்கள் இருந்தால் அது சீன செல்போன் எண். ஹாங்காங்குக்கு +852, கம்போடியாவுக்கு +855. நம் நாட்டிலும் 86-இல் தொடங்கும் எண்கள் உண்டு. அவை பத்து இலக்கம்தான், முன்னால் +91 வரும். அவற்றைக் கண்டு பதற வேண்டாம். வெளிநாட்டில் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், அங்கிருந்து வரும் மிஸ்டு காலுக்குத் திரும்ப அழைக்காதீர்கள்.

+91 என்று காட்டுவதாலேயே நம்பிவிடவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே இந்திய எண்ணைக் காட்ட மோசடிக்காரர்களால் முடியும். இதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு தனி ஏற்பாடு செய்தது; வாட்ஸ்அப் அழைப்புகள் அந்த வலையில் சிக்காது.

பேச்சே காட்டிக்கொடுக்கும்

"உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது", "இரண்டு மணி நேரத்தில் சிம் கட்டாகிவிடும், 9-ஐ அழுத்துங்கள்", "வீடியோ காலை வைக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்" — இப்படி யார் பேசினாலும் மோசடிதான். 'டிஜிட்டல் கைது' என ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. எந்தப் போலீசும் போனில் கைது செய்து பணம் கேட்காது. வங்கியும் ஓ.டி.பி. கேட்காது.

பணம் போய்விட்டால்

உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. அடுத்து வங்கிக்குச் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் பணத்தை எடுத்திருந்தால், பணம் போன தகவல் வங்கியிலிருந்து கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. 30 நாட்களில் வங்கி தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள சட்டம்.

ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கே லாபம். படித்தவர்களும் அதிகாரிகளும்கூட இதில் ஏமாந்திருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களின் போனில் 1930-ஐ இன்றே பதிந்து கொடுங்கள். பணம் போனால் திட்டமாட்டோம் என்றும் சொல்லி வையுங்கள். அப்போதுதான் அவர்கள் உடனே வாய் திறப்பார்கள்.