ஒரு லிட்டர் டீசலின் கணக்கு

ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 840 கிராம். அது எஞ்சினில் எரிந்து தீரும்போது புகைக்குழாய் வழியே வெளியேறும் கரியமில வாயுவின் எடையோ 2.6 கிலோ. உள்ளே போனதைப்போல மூன்று மடங்கு வெளியே வருகிறது! டீசலின் எடையில் பெரும்பகுதி கார்பன். ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் வாயுவாக மாறுகிறது. கூடுதல் எடை முழுக்க நாம் மூச்சுவிடும் காற்றிலிருந்து வந்ததுதான்.

இந்த வேதியியல் எல்லா ஊருக்கும் ஒன்றே. வெளியேறும் வாயுவுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று வரி போட்டால் எரிப்பது குறையும் என்ற பொருளியல் கணக்கும் எளிமையானது. ஆனால் அதே வரி ஸ்வீடனில் முப்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. பிரான்சில் தெருக்களைப் பற்றியெரிய வைத்தது. இதற்கான காரணம் வாயுவில் இல்லை. வரியைச் சுமப்பவர் யார், வசூலான பணம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது.

பிரான்ஸ் 2014-இல் டன்னுக்கு 7 யூரோவில் கார்பன் வரியைத் தொடங்கியது. 2018-இல் அது 44.60 யூரோ. லிட்டர் டீசலுக்குக் கணக்கிட்டால் சுமார் 12 சென்ட். அந்த ஆண்டு கச்சா எண்ணெய் விலையும் ஏறியிருந்தது. 2019 ஜனவரியில் டீசல் மீதான வரி மேலும் 6.5 சென்ட் உயரும் என்றது அரசு. 2018 நவம்பர் 17 அன்று, கார்களில் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு, 2,80,000-க்கும் மேற்பட்டோர் நாடெங்கும் ரவுண்டானாக்களை மறித்தார்கள்.

அவர்களைச் சுற்றுச்சூழலின் எதிரிகள் என்று எழுதியவர்கள் உண்டு. அது அநியாயம். மறியலில் நின்றவர்களில் பலர் நகர விளிம்புகளிலும் சிற்றூர்களிலும் வசித்தவர்கள். கார் இல்லாமல் வேலைக்கோ மருத்துவமனைக்கோ அவர்களால் போக முடியாது. பல பத்தாண்டுகளாக டீசலுக்கு வரியைக் குறைத்து வைத்து டீசல் கார் வாங்கத் தூண்டியதும் அதே அரசுதான். அதே 2018-இல்தான் பணக்காரர்களின் சொத்துவரி நீக்கப்பட்டு, அசையாச் சொத்துக்கு மட்டுமான வரியாகச் சுருங்கியது. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளுக்கு வரியே இல்லை. மாதக் கடைசியைத் தாண்டத் திணறுகிறவர் வேலைக்குப் போக எரிக்கும் டீசலுக்கு வரி, விடுமுறைக்குப் பறப்பவரின் எரிபொருளுக்கு விலக்கு. இதை நியாயம் என்று எந்த மொழியில் சொன்னாலும் எடுபடாது. டிசம்பரில் அரசு வரி உயர்வைக் கைவிட்டது. 44.60 யூரோவிலேயே அந்த வரி உறைந்து நின்றது.

ஸ்வீடன் 1991-இல் கார்பன் வரி கொண்டுவந்தபோது வருமான வரியைக் கூடவே குறைத்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய்க்குப் பதிலாகப் பல நகரங்களில் பொதுவான வெந்நீர்க் குழாய்கள் இருந்தன. மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்று உலகின் மிக உயர்ந்த கார்பன் வரிகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் வசூலித்ததை மக்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? கனடா அதையும் செய்து பார்த்தது. 2019-இல் தொடங்கிய கூட்டாட்சி வரியில் பெரும்பங்கு குடும்பங்களுக்கே திரும்பச் சென்றது. ஏழைக் குடும்பங்கள் எரிப்பது குறைவு என்பதால், எரிபொருளுக்குக் கட்டிய வரியைவிடக் கூடுதலாகவே அவர்களில் பெரும்பாலோர் பெற்றார்கள். ஆனால் பெட்ரோல் பங்கின் விலைப்பலகை தினமும் கண்ணில் பட்டது. வங்கிக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து விழுந்த தொகையோ கவனத்துக்கு வரவில்லை. தங்களுக்கு வந்த தொகையைப் பலர் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்று ஆய்வு சொன்னது. சுவிட்சர்லாந்தில் கார்பன் வரியிலிருந்து திருப்பித்தரும் பணம் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழிக்கப்படுகிறது. அது தங்களுக்குக் கிடைப்பதே அங்கே பலருக்குத் தெரியவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் கனடா நுகர்வோர் கார்பன் வரியைப் பூஜ்யமாக்கியது.

மஞ்சள் அங்கிப் போராட்டத்துக்குப் பிறகு பிரான்சில் 3,000 பேரிடம் இரு பொருளியலாளர்கள் கருத்துக் கேட்டார்கள். வரிப்பணம் முழுவதையும் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துத் தந்தால் ஏற்பீர்களா என்ற கேள்விக்கு 70 சதவீதம் பேர் மறுப்புச் சொன்னார்கள். உண்மையில் லாபமடையக் கூடியவர்கள்கூடத் தங்களுக்கு நஷ்டம் என்றே நம்பினார்கள். காலநிலை ஆய்வுகளில் என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான். வளிமண்டலத்தில் சேரும் கரியமில வாயுவை மில்லியனில் ஒரு பங்குக்கும் நுட்பமாக அளந்துவிடுகிறோம். அரசின் சொல்லை நம்பாத ஒரு மனத்தை எந்தக் கருவியாலும் நம்ப வைக்க முடிவதில்லை. அந்த அவநம்பிக்கை ஒரே நாளில் முளைத்ததல்ல. மூடப்பட்ட ரயில் பாதைகளிலும் காப்பாற்றப்படாத வாக்குறுதிகளிலும் வேர் விட்டு வளர்ந்தது.

இந்தியாவும் இதற்கு விலக்கல்ல. 2010-இல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி வந்தது; 2016-இல் அது 400 ரூபாயானது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே கிடைப்பதால், அதன் சுமை கடைசியில் மின் கட்டணத்தில்தான் வந்து இறங்கும். தூய ஆற்றலுக்குச் செலவிடுவதாகச் சொல்லி வசூலித்த அந்தப் பணத்தின் பெரும்பங்கு அதற்கான நிதியத்துக்கே போய்ச் சேரவில்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும், டன்னுக்கு 400 ரூபாய் என்ற அதே தொகை மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் கணக்குக்கு மாற்றப்பட்டது.