காப்பிப் பறிப்பு முடிந்த பின்னும் மலையிலேயே வேலை

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பது நவம்பர் வாக்கில் தொடங்கி, பெரும்பாலும் பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். அதன்பின் தோட்ட வேலை குறைகிறது. ஓரிரு ஏக்கர் வைத்திருப்போரும் கூலி வேலை செய்வோரும் சேலத்துக்கோ அதற்கும் அப்பாலோ வேலை தேடி இறங்குகிறார்கள். அழிந்த சோலையை மீண்டும் வளர்க்கும் பணியில் பெரும்பகுதி, வேலை குறைந்த இந்த மாதங்களில்தான் வருகிறது.

தோட்டத்துக்கு என்ன பயன்?

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். பின்னர் நிழலுக்காக ஆஸ்திரேலிய மரமான சில்வர் ஓக் பரவியது. அது விரைவில் வளரும். மிளகுக் கொடி ஏறவும் ஏற்றது. ஆனால் அதன் இலை மக்க நாளாகும். பறவைகளுக்குப் பழமும் கிடைக்காது. எனவே இருப்பதை வெட்ட வேண்டாம். மரம் விழுந்த இடத்திலும் ஓடைக்கரையிலும் பலா, நாவல், அத்தி, தான்றி, சந்தன வேம்பு ஆகியவற்றை நடுங்கள். நிழல் போதாத இடத்தில் அராபிகா காப்பியை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அதிகம் தாக்கும். காப்பி பூத்திருப்பது சில நாட்களே; மற்ற மாதங்களில் தேனீக்களுக்குப் பல வகை மரங்களின் பூ வேண்டும். தேன்பெட்டி வைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

நாற்று வளர்த்தல்

நாவல், பலா விதைகள் விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். ஜூன், ஜூலையில் பழம் கிடைத்ததும் சதையைக் கழுவி நீக்கி உடனே விதையுங்கள். மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து பாலிதீன் பைகளில் நிரப்பலாம். கோடையில் நீர் ஊற்றிக் காத்தால் அடுத்த மழைக்காலத்தில் நடவுக்குத் தயாராகும். 45 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழிகளை மே மாதத்திலேயே எடுத்து ஆறவிடுங்கள்.

உண்ணிச்செடியை ஒழித்தல்

உண்ணிச்செடி கால்நடைக்கு நஞ்சு. மரக்கன்றுகளையும் எழ விடாது. மேலே மட்டும் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். தரைமட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். காய் பழுக்குமுன் இதைச் செய்யவேண்டும். வெறுமையான இடத்தில் தாமதமின்றிப் புல்லோ கன்றோ நடாவிட்டால் களை திரும்பிவிடும்.

வெட்டிய குச்சியும் காசாகும். மாதேசுவர மலையில் சோளகர் மக்கள் அதை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலி, மேசை செய்கிறார்கள். நீலகிரிப் பழங்குடியினர் உண்ணிக் குச்சியால் செய்த ஆளுயரத்தை மிஞ்சும் யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நிறுத்தப்பட்டன. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரும் இத்தொழிலைக் கற்கலாம்.

கூலி எங்கிருந்து வரும்?

அயல் களைகளை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்கத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கை வெளியிட்டது. பசுமைத் தமிழகம் இயக்கமும் அதே ஆண்டு தொடங்கியது. ஆயினும் அரசுப் பணியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பெரிய தோட்டங்களுக்கும் கன்று தேவை. பெண்கள் குழுவாகச் சேர்ந்து நாற்றங்கால் நடத்தலாம். எத்தனை கன்று, என்ன விலை என்று வாங்குவோரிடம் முன்கூட்டியே எழுத்தில் பெற்ற பிறகே விதையுங்கள். இல்லையேல் விற்காத கன்று பையிலேயே வேர் சுருண்டு வீணாகும். உழைத்த கூலியும் போகும்.

காப்புக்காட்டில் விதை பொறுக்கவோ களை வெட்டவோ வனத்துறையின் அனுமதி தேவை. மரம், நாற்று பற்றிய ஐயங்களுக்கு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும், காப்பி பற்றி அங்குள்ள காப்பி வாரிய அலுவலகத்தையும் அணுகுங்கள். இவ்வாண்டு ஓடைக்கரையில் பத்துக் கன்று நட்டுத் தொடங்கினாலும் போதும்.