உப்பும் உடலும்

புதுச்சேரியில் 1823-ல் பிரெஞ்சுக்காரர் ஸ்தாபித்த வைத்தியப் பாடசாலையின் வழித்தோன்றலே இன்றைய ஜிப்மர். அங்கே சேர விரும்பும் மாணவி ஒருத்தி, "சரீரத்தைப் படிக்கப் போகிறவளுக்கு அணு எதற்கு, ஸார்?" என்றாள். பதிலுக்குச் சமையலறை உப்பை எடுத்துக் கொண்டேன்.

ஸோடியம் ஜலத்தில் பட்டால் தீப்பற்றிச் சீறும் உலோகம். க்ளோரினோ, 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் பிரெஞ்சுப் படையினரை மூச்சடைக்கச் செய்து கொன்ற விஷவாயு. இவ்விரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் தினமும் சோற்றில் போட்டுக் கொள்ளுகிறோம்! ஸோடிய அணுவின் வெளிச் சுற்றில் ஒரே ஓர் எலெக்ட்ரான். க்ளோரினுக்கோ ஒன்று குறைவு. முன்னது கொடுக்கிறது, பின்னது வாங்குகிறது. கொடுத்ததில் நேர் மின்சாரமும் வாங்கியதில் எதிர் மின்சாரமும் ஏற்பட, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் கொள்ளுகின்றன.

ஜலத்தில் கதை வேறு. பிராணவாயு அணு ஒன்றும் ஜலவாயு அணுக்கள் இரண்டும் எலெக்ட்ரான்களைக் கூட்டுச் சொத்தாக அனுபவிக்கின்றன. ஆயினும், மூத்த தமையனைப் போல், பிராணவாயு சற்று அதிகமாகவே தன் பக்கம் இழுத்துக் கொள்ளும். அந்த ஓரவஞ்சனையால்தான் ஜலம் உப்பைக் கரைக்கிறது.

கரைந்த ஸோடியம் நரம்புக்குள் பாய்ந்தால்தான் விரல் அசையும். பேதி கண்ட குழந்தை இதையும் இழப்பதால், வெறும் தண்ணீர் போதாது. குளுகோஸ் துணையிருந்தால் குடல் ஸோடியத்தை எளிதில் ஏற்கும். 1971-ல் மேற்கு வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அந்தக் கலவையைப் புகட்டியே காலரா நோயாளிகள் பலரைப் பிழைக்க வைத்தார்.

மறுநாள் அவள் பொட்டாஸியத்தைப் பற்றிக் கேட்டாள்.