புயல் அறிவிப்பை வாசிக்கும் முறை

கடலூர், சிதம்பரம் தாலூகாக்களில் வருஷ மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்கின்றது என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. ஜில்லாவின் வருஷ சராசரி மழை ஏறக்குறைய 120 செ.மீ.; அதில் 70 செ.மீ. அளவு அக்டோபர் முதல் டிசம்பர் முடிய உள்ள காலத்தில் கிடைப்பது. சம்பா நெல் தூர் கட்டிக் கதிர் வாங்குவதும் இக்காலத்திலேயே. ஆகவே இம்மழை பயிரை வளர்ப்பதும் உண்டு. ஒரே இரவில் அழிப்பதும் உண்டு.

வங்காள விரிகுடாவில் புயல்சின்னம் என்ற செய்தி வந்தவுடன், "எங்கே கரை கடக்கும்?" என்ற ஒரு கேள்வியையே பெரும்பாலோர் கேட்கின்றனர். அது போதாது. காற்று எவ்வளவு, மழை எவ்வளவு, ஆற்றில் மேலிருந்து வரும் நீர் எவ்வளவு என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டல் வேண்டும். ஏனெனில் இம்மூன்றும் ஒன்றாக வருவதில்லை. அண்மையில் நமது ஜில்லா கண்ட மூன்று இடர்களைக் கொண்டு இதனை விளக்குவோம். ஒன்று மார்கழியிலும், ஒன்று ஐப்பசியிலும், ஒன்று கார்த்திகையிலும் நேர்ந்தன.

பருவத்தின் இயல்பு

தென்மேற்குப் பருவக்காற்று விலகிய பின்னர் வடக்கே நிலப்பரப்பு குளிர்ச்சியடைகின்றது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகின்றது. வங்காள விரிகுடாவின்மேல் வரும்போது அது நீராவியை ஏற்றுக்கொண்டு நமது கரையில் மழையாகப் பொழிகின்றது. சாதாரணமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டி இப்பருவம் ஆரம்பமாகும். கடல் வெதுவெதுப்பாக இருக்கும் இக்காலத்திலே தாழ்வுநிலைகள் உண்டாகி மேற்கு நோக்கி நகர்கின்றன. அவற்றில் காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ. ஆனால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றும், 50 கி.மீ. ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றும், 62 கி.மீ. ஆனால் புயல் என்றும் வானிலை இலாகாவினர் பெயரிடுகின்றனர். இப்பெயர்கள் யாவும் காற்றின் வேகத்தைப் பற்றியவையே. மழையின் அளவைப் பற்றியவை அல்ல என்பது முக்கியமாய்க் கவனிக்கற்பாலது.

காற்றினால் வந்த கேடு

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி காலை, 'தானே' என்னும் மிகக் கடும்புயல் கடலூருக்குச் சற்றுத் தெற்கே கரை கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் வீசியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. நெற்பயிர் அழிந்தால் மறு போகத்தில் ஈடு செய்யக்கூடும். முந்திரியோ நட்டுப் பல வருஷங்கள் கழித்தே நல்ல பலன் தரும். ஒரு காலைப்பொழுதின் காற்று, தோப்புடையவர்களின் பல வருஷ வருமானத்தைக் கொண்டுபோயிற்று.

மழையினால் வந்த கேடு

2015-ஆம் வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது புயலன்று; ஆழ்ந்த தாழ்வு மண்டலமே. பெயரிடப்படாத அதனைச் சிறிதென்று எண்ணியவர் அநேகர். ஆனால் நெய்வேலியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை பெய்தது. அஃதாவது மூன்று மாதங்களுக்குரிய மழையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் வந்துவிட்டது. ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை நின்றால் அது ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீராகும், 48 செ.மீ. எனில் ஏக்கருக்கு 19 லட்சம் லிட்டருக்கு மேல். பண்ருட்டிப் பக்கத்து ஓடைகள் இத்தனை நீரைத் தாங்கமாட்டாமல் கரை புரண்டன. பெரியகாட்டுப்பாளையத்தில் வீடுகளும் உயிர்களும் வெள்ளத்தில் போயின.

ஆற்றினால் வந்த கேடு

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அவ்விடத்திலேயே வெகுநேரம் நகராமல் நின்றது. மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. பின்னர் அது வலுக்குறைந்து உள்நாட்டுக்குச் சென்று, கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரையில் 50 செ.மீ. அளவு பொழிந்தது. அந்நீரெல்லாம் தென்பெண்ணையாற்றில் சேர்ந்தது. சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில் விநாடிக்கு 1,68,000 கன அடி வரையில் நீர் திறக்க நேர்ந்தது. புயல் போய்விட்டதென்று கடலூர்ப் பக்கத்தார் ஆறுதல் கொண்ட பிறகே ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவற்றின் கடைமடையில் இருக்கும் நமக்கு, மேற்கே நூறு மைலுக்கு அப்பால் பெய்யும் மழையும் நம் மழையேயாகும்.

அறிவிப்பில் கவனிக்க வேண்டியவை

1749-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை அடுத்த கடலில் 'நாமூர்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் புயலில் சிக்கி, ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களுடன் மூழ்கியது. அக்காலத்தில் முன்னறிவிப்பு என்பதே இல்லை. இக்காலத்தில் செயற்கைக் கோள்களும், சென்னை, காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள ராடார்களும் புயலை இடைவிடாது கவனிக்கின்றன. 1875-இல் ஏற்பட்ட இந்திய வானிலை இலாகா, 72 மணி நேரத்துக்கு முன்னர் கண்காணிப்பு அறிவிப்பும், 48 மணிக்கு முன்னர் உஷார் அறிவிப்பும், 24 மணிக்கு முன்னர் எச்சரிக்கையும், கரை கடக்கும் முன் 12 மணியளவில் உள்நாட்டு நிலைமை பற்றிய அறிவிப்பும் படிப்படியாக வெளியிடுகின்றது.

துறைமுகத்தில் ஏற்றப்படும் கூண்டு கப்பல்களுக்கு உரியது. வயலில் பெய்யும் மழையை அது சொல்லாது. மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிற அறிவிப்புகளையே பார்த்தல் வேண்டும். மஞ்சள் எனில் கவனித்திருக்க வேண்டும். ஆரஞ்சு எனில் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு எனில் உடனே செயலில் இறங்க வேண்டும். ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேற்பட்ட மழையை 'அதிகனமழை' என்பர்.

புயலின் பாதையை 24 மணிக்கு முன்னர் கணிக்கையில், இந்நாளிலும் சராசரி 70 முதல் 80 கி.மீ. வரை வித்தியாசம் ஏற்படுகின்றது. இதன் பொருளை ஓர் உதாரணத்தால் அறியலாம். நம் பக்கத்தில் புயற்காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக வீசும். புயல் பரங்கிப்பேட்டையில் கரை கடந்தால், அதற்கு வடக்கேயுள்ள செம்மங்குப்பத்தில் காற்று கடலிலிருந்து வீசும். கடல் மட்டம் உயர்ந்து, முகத்துவாரத்தில் உப்பனாற்றின் நீர் வடியாது தேங்கும். அதே புயல் புதுச்சேரியில் கடந்தால், செம்மங்குப்பத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். இவ்விரண்டு இடங்களுக்கும் உள்ள தூரம் மேற்சொன்ன வித்தியாசத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. ஆகவே "புயல் நம் ஊரில் கடக்கவில்லை" என்ற முதல்நாட் செய்தியை நம்பி வேலையை நிறுத்துவது தகாது.

புயல் நெருங்கியபின் ஊரிலிருந்தே ஒன்றை அறியலாம். காற்று வடக்கிலிருந்து வடகிழக்கு, கிழக்கு என்று திரும்பினால் மையம் நமக்குத் தெற்கே செல்கின்றது. வடக்கிலிருந்து வடமேற்கு, மேற்கு என்று திரும்பினால் மையம் நமக்கு வடக்கே செல்கின்றது. காற்று திசை மாறாமல் வலுத்துத் திடீரென அடங்கினால், மையமே நம்மேல் வந்துள்ளது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் பலமாக அடிக்கும். அவ்வமைதியை நம்பி ஒருவரும் வெளியே வரலாகாது.

செய்யத் தக்கவை

உஷார் அறிவிப்பு வந்தவுடன் நெல்வயலின் வடிகால் வாய்களைத் திறந்து, வாய்க்காலிலுள்ள அடைப்புகளை நீக்குக. கனமழை அறிவிப்பு உள்ளபோது மேலுரம் இடற்க. அது நீரோடு போய்விடும். முற்றிய கதிர் இருந்தால் அறுத்து மேட்டில் சேர்க்க. வாழைக்கு முட்டுக் கொடுக்க. தென்னையில் முற்றிய குலைகளையும் காய்ந்த மட்டைகளையும் இறக்குக. முந்திரியின் வீண் கிளைகளைப் பருவத்துக்கு முன்னரே கழித்தால் காற்றின் பிடி குறையும். மாடுகளைக் கட்டுத்தறியில் விட்டுவைக்காமல் மேட்டுக்குக் கொண்டு செல்க. பயிர்க் காப்பீட்டைப் புயல் வரும் வரையில் தள்ளிப்போடாமல், அறிவிக்கப்பட்ட கெடுவுக்குள் பதிந்துகொள்க.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்கள், ஏரிக்கரையின் பலவீனமான இடங்களையும் கலங்கல்களையும் பருவத்துக்கு முன்னரே பார்வையிட்டுக் குறித்து வைத்தல் நலம். அடங்கலில் பயிர் விவரம் காலத்தில் ஏறியிருந்தால்தான் சேதக் கணக்கின்போது குடியானவருக்கு நியாயம் கிடைக்கும். மழை நின்றபின்பும் மேலணைகளில் நீர் திறக்கும் செய்தியை இரண்டு மூன்று நாட்களுக்கு விசாரித்து, ஆற்றங்கரை ஊர்களில் பறை சாற்றுவித்தல் வேண்டும்.

வசதியுள்ள மிராசுதார் ஒருவர் தம் களத்தில் மழைமானி வைத்து, நாடோறும் காலை 8-30 மணிக்கு அளந்து எழுதிவந்தால் அது ஊருக்கே பயன் தரும். வானிலை இலாகாவின் கணக்கும் அந்நேரத்துக்கே முடிவதால் இரண்டையும் ஒப்பிடலாம். சில வருஷக் கணக்கு கையிலிருந்தால், எத்தனை செ.மீ. மழைக்குத் தம் வாய்க்கால் தாங்கும், எத்தனைக்குக் கரை வழியும் என்பது தெரிந்துவிடும். அதன்பின் அறிவிப்பில் காணும் எண், தம் நிலத்தில் நிற்கப்போகும் நீரின் அளவாக அவருக்கு விளங்கும்.