மூவர் இருவரானபோது

மரணத்தைப் பற்றி டெபெஷ் மோட் எழுதிய பாடல்கள், அவர்களே எதிர்பாராத ஒரு துக்கத்துக்கு உரியவை ஆயின

கறுப்பு வெள்ளைப் படம். அறுபது வயதைத் தொட்ட இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1957ல் எடுத்த செவன்த் சீல் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அதில் போர்வீரனுக்கு எதிரே உட்கார்ந்து காய் நகர்த்துவது மரணம்.

2023 பிப்ரவரியில் வெளிவந்த கோஸ்ட்ஸ் அகெய்ன் பாடலின் வீடியோ இது. ஆடுபவர்கள் டேவ் கஹான், மார்ட்டின் கோர். பிரிட்டனின் டெபெஷ் மோட் குழுவில் மிஞ்சியவர்கள் இந்த இருவர்தான். மார்ச் 24ல் வந்த ஆல்பத்தின் பெயர் மெமென்டோ மோரி. லத்தீன் தொடர். 'சாவு உண்டு, மறவாதே' என்று பொருள்.

இருட்டு இவர்களுக்குப் புதிதல்ல. லண்டனுக்குக் கிழக்கே, போருக்குப் பின் அரசு திட்டமிட்டு உருவாக்கிய பாசில்டன் நகரத்தில் 1980ல் தொடங்கிய குழு இது. கிதாரை ஓரம் கட்டிவிட்டு சின்தசைசர்களை வைத்துக்கொண்டு மேடையேறினார்கள். முதலில் துள்ளல் பாட்டுகள். அவற்றை எழுதிய வின்ஸ் கிளார்க் 1981லேயே விலக, எழுதும் பொறுப்பு கோருக்கு வந்தது. கூடவே மேகமும் கவிந்தது. இரும்பில் அடிக்கும் ஓசைகளைப் பதிவு செய்து தாளமாக்கினார்கள். குற்ற உணர்வு, காமம், நம்பிக்கையிழப்பு பற்றிப் பாடினார்கள். 1986ல் வந்த ஆல்பத்தின் பெயரே பிளாக் செலிப்ரேஷன், கறுப்புக் கொண்டாட்டம். உள்நாட்டு விமர்சகர்களில் பலர் 'அழுமூஞ்சிகள்' என்ற தோரணையில் ஒதுக்கினர். ரசிகர்கள் ஒதுக்கவில்லை. 1988 மார்ச்சில் சுவருக்கு அப்பால் கிழக்கு பெர்லினில் பாடினார்கள். ஜூனில் கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் திரண்டனர்.

இந்தக் கூட்டத்தில் மூன்றாமவர் ஆண்டி ஃப்ளெட்சர். கண்ணாடி அணிந்த, நெட்டையான மனிதர். பாட்டு எழுதுவதில்லை, பாடுவதில்லை. கீபோர்டு முன் நிற்பார். 'இவர் என்னதான் செய்கிறார்?' என்பது ரசிகர்களிடையே பழைய நகைச்சுவை. குழுவைப் பற்றிய ஆவணப்படத்தில் அவரே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு விடை தெரியும். கணக்கு வழக்கு அவர் பொறுப்பு. அதைவிட முக்கியம், கஹானுக்கும் கோருக்கும் நடுவே அவர் இருந்தார். ஒருவர் பாடுகிறவர், மற்றவர் எழுதுகிறவர். இருவரும் நேருக்கு நேர் மனம் விட்டுப் பேசிக்கொண்டது குறைவு.

2022 மே 26ல், 60வது வயதில், இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து ஃப்ளெட்சர் இறந்தார். புதிய பாடல்களின் ஒலிப்பதிவு தொடங்க இருந்த நேரம். நிறுத்திவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. தொடர்வதென்று இருவரும் முடிவு செய்தார்கள்.

இங்கேதான் விசித்திரம். பாடல்களில் பெரும்பாலானவையும் ஆல்பத்தின் பெயரும் ஃப்ளெட்சர் உயிரோடு இருந்தபோதே தயாராகிவிட்டவை. கொரோனாவில் உலகம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில், அறுபதை நெருங்கிய கோர் வயதையும் முடிவையும் பற்றி எழுதியவை. கோஸ்ட்ஸ் அகெய்ன் உட்பட நான்கு பாடல்களில் சைக்கடெலிக் ஃபர்ஸ் குழுவின் ரிச்சர்ட் பட்லர் அவரோடு சேர்ந்து எழுதினார். யாருக்கும் இரங்கற்பா எழுதும் எண்ணம் இல்லை. ஆனால் கேட்டவர்கள் ஒவ்வொரு வரியிலும் ஃப்ளெட்சரைத் தேடினார்கள், கண்டும் பிடித்தார்கள்.

நிலையாமையைப் பாடுவதைக் காஞ்சி என்றும், இறந்தவருக்காக இருப்பவர் புலம்புவதைக் கையறுநிலை என்றும் நம் இலக்கணம் பெயரிட்டிருக்கிறது. கோர் எழுதியது முன்னது. ரசிகர்கள் காதில் விழுந்தது பின்னது. பாட்டை எழுதுபவர் மட்டும் முடிப்பதில்லை.

ஆல்பம் ஜெர்மனியில் முதலிடத்தையும் பிரிட்டனில் இரண்டாமிடத்தையும் பிடித்தது. பல ஆண்டுகளில் இவர்கள் தந்தவற்றில் இதுவே சிறந்தது என்றார்கள் விமர்சகர்கள் பலர். குறை சொன்னவர்களும் உண்டு. நடை மந்தம், பழைய ஓசைகளுக்கே திரும்புகிறார்கள் என்றனர். அதில் உண்மை இல்லாமலில்லை. கடகடவென்று இரைச்சலோடு தொடங்கும் முதல் பாட்டு, புதியவர்களைக் கதவருகிலேயே நிறுத்திவிடும். ஆனால் பன்னிரண்டு பாடல்களையும் வரிசையாகக் கேட்டவருக்குக் கிடைப்பது சோர்வல்ல. கோஸ்ட்ஸ் அகெய்ன் சாவைப் பற்றியது. ஆனாலும் அதைக் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். பொய்யான ஆறுதலை விட, மறைக்காமல் சொல்லப்பட்ட துக்கம் லேசானது.

வேக்கிங் டங் என்ற பாட்டின் கீழே கஹான், கோர் இருவர் பெயரும் இருக்கிறது. நாற்பதாண்டுக் குழுவில் இது அபூர்வம். நடுவில் நின்றவர் போனபின் இருவரும் நெருங்கியதாக அவர்களே சொன்னார்கள்.

2023 மார்ச்சில் தொடங்கிய இசைப்பயணம் 2024 ஏப்ரலில் ஜெர்மனியின் கொலோன் நகரில் முடிந்தது. மேடையில் வேர்ல்ட் இன் மை ஐஸ் என்ற 1990ஆம் ஆண்டுப் பாட்டை ஃப்ளெட்சருக்கு அர்ப்பணித்தார்கள். பின்னால் பெரிய திரையில் அவர் முகம். 'இவர் என்ன செய்கிறார்?' என்று அப்போது யாரும் கேட்கவில்லை.