உங்களுக்குத் தெரியுமா? ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது!

மருங்காபுரி, துவரங்குறிச்சி பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடா? பரணில் தேடுங்கள். அரசு தந்த விலையில்லா மடிக்கணினி கிடந்தாலும் கிடக்கும். திட்டம் தொடங்கிய நாள் 2011 செப்டம்பர் 15. ஆரம்பத்தில் வந்ததில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே பெட்டிக்குள் 2 ஆபரேட்டிங் சிஸ்டம்!

அந்த இரண்டுக்கும் முன்னால் கண் விழிப்பது ஃபர்ம்வேர். பேட்டரி எங்கே, மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றையும் அட்டவணை போட்டு வைத்திருக்கும். இந்த அட்டவணை முறையின் பெயர் ஏசிபிஐ. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஆண்டு 1996!

அட்டவணையின் எல்லாப் பைட்டுகளையும் கூட்டி 256ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி பூஜ்யம்தான் வரவேண்டும். 1 மிஞ்சினாலும் எங்கோ கோளாறு!

பயாஸ் என்ற பழைய வகை ஃபர்ம்வேர் உள்ள மெஷினில் இந்த அட்டவணைகளைத் தேடிப் பிடிப்பதே வேடிக்கை. நினைவகத்தில் 16 பைட்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, 8 எழுத்து அடையாளம் ஒன்றைத் தேட வேண்டும். எட்டாவது எழுத்து? வெறும் இடைவெளி!

அட்டவணை கேள்வியும் கேட்கும். “நீ விண்டோஸா?” லினக்ஸின் மையமான கர்னல் கூச்சமே இல்லாமல் “ஆமாம்” என்கிறது. “நீ லினக்ஸா?” என்று கேட்டால் “இல்லை” என்கிறது. சொந்தப் பெயரையே மறுக்கிற கர்னல்!

இனிதான் என் பெரிய பிடி. அட்டவணைக்குள் குட்டி நிரல்களும் இருக்கும். அந்த நிரல் நினைத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அட்டவணையை ஏற்றலாம். ஏற்றியதை இறக்கவும் தனிக் கட்டளை உண்டு. அதன் குறியீடு இரண்டே பைட்!

அந்த இறக்கும் கட்டளைக்கு 2018 மே மாதம் மூடுவிழா! லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் பயன்படுத்தும் ஏசிபிஐசிஏ நிரல்தொகுப்பு கையை விரித்துவிட்டது. இனி யாராவது கேட்டால் பதில், “ஆதரவு இல்லை.” நிரலுக்குள்ளேயே 4 காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள். சில சிஸ்டங்களில் சரியாகச் செய்யவே முடியாதாம். மற்றவர்களும் ஒழுங்காகச் செய்யவில்லையாம். டிரைவர்களும் தயாரில்லையாம். பின்னே? ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அடியிலிருந்து பாயை உருவுகிற வேலையல்லவா!

நாலாவது காரணம்தான் நான் துள்ளிக் குதித்த இடம். நிஜ மெஷின் எதிலும் இந்தக் கட்டளை கண்ணில் பட்டதே இல்லையாம்! 1996ல் பிறந்து, 21 வருஷத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்ற கட்டளை! (பென்ஷன் உண்டா என்று கேட்காதீர்கள்.)

ஆனால் பின்வாசல் ஒன்று திறந்திருக்கிறது. லினக்ஸில் நீங்களே ஒரு ஃபோல்டர் உருவாக்கி, உங்கள் சொந்த அட்டவணையைக் கர்னலில் ஏற்றலாம். இறக்க வேண்டுமா? அந்த ஃபோல்டரை அழித்தால் போதும். அட்டவணை தானாகக் கேட்டால் கிடையாது, மனுஷன் கேட்டால் உண்டு!