பிராசஸரின் கால் வளைந்தால்...

ஆயத்தமாக விற்கும் கணிப்பொறியை வாங்காமல், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்வோர் இன்று பலர் உள்ளனர். ஒரு ஸ்குரூ டிரைவரும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும். நம்மைப் போன்ற மாணவியரும் செய்யலாம். ஆனால் முதன்முறை பொருத்துவோரைப் பதற வைக்கும் விபத்து ஒன்று உண்டு. பிராசஸரின் அடிப்புறத்தில் உள்ள கால்கள் வளைந்துவிடுவதே அது. வீட்டார் மாதக்கணக்கில் சேர்த்த பணம் 4 செ.மீ. சதுரத்திற்குள் அடங்கியிருப்பதால், எல்லாம் போயிற்று என்றே முதலில் தோன்றும். பெரும்பாலும் அவ்வாறு இல்லை.

பிராசஸர்தான் கணிப்பொறியின் மூளை என்று பாடத்தில் படிக்கிறோம். 1971-ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் 4004 என்னும் பிராசஸருக்குக் கால்கள் 16. உள்ளே இருந்த டிரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய 2,300. ஏ.எம்.டி. நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸருக்கோ கால்கள் 1,331! அதன் கணக்கிடும் சில்லில் மட்டும் சுமார் 415 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அந்தச் சில்லு உலோக மூடிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. கால்கள் மின்சாரமும் செய்தியும் வந்து போகும் கம்பிகளே. ஒருவருக்குக் கால் சுளுக்கினால் மூளை கலங்கிவிட்டது என்று நாம் சொல்வதில்லை அல்லவா?

இக்கால்கள் வளைவது எப்படி? மதர்போர்டில் பிராசஸருக்கென உள்ள சாக்கெட்டின் ஓரத்தில் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. அதை முழுவதும் உயர்த்தி, பிராசஸரின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி வைத்தால், பிராசஸர் தன் எடையாலேயே உள்ளே இறங்கும். இறங்கவில்லையென்றால் திசை தவறு என்று பொருள். அப்போது விரலால் அழுத்துவதால்தான் கால்கள் மடிகின்றன. மற்றொரு வழி, மேலே பொருத்திய கூலரைக் கழற்றும்போது நேர்வது. இரண்டுக்கும் இடையே தடவிய தெர்மல் பேஸ்ட் பசைபோல் பிடித்துக்கொள்வதால், நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசஸர் கூலரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கணிப்பொறியைச் சிறிது நேரம் இயக்கி, அணைத்து, மின் இணைப்பை நீக்கி, பேஸ்ட் இளகிய சூட்டிலேயே கூலரை இடமும் வலமும் மெல்லத் திருப்பிவிட்டுத் தூக்கினால் இவ்விபத்து நேராது.

கால் வளைந்தது தெரிந்ததும் அப்படியே மீண்டும் சாக்கெட்டில் திணித்துப் பார்த்தல் கூடாது. மின்சாரம் கொடுத்தும் பார்க்கக்கூடாது. வளைவதால் கெடும் பிராசஸர்களைவிட, அடுத்த பத்து நிமிட அவசரத்தால் கெடுபவையே அதிகம் என்பது எங்கள் எண்ணம். பெட்டியில் வைத்து மூடி, "வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று கடைக்காரரிடம் சொல்லவும் சிலருக்குத் தோன்றலாம். கைத்தவறால் நேர்ந்த சேதத்தைப் பொதுவாக உத்தரவாதம் ஏற்பதில்லை. அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டால், ஒளியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பிடிக்க ஒரு துணையாவது கிடைக்கும்!

நிமிர்த்தும் கருவி நம் ஜியாமெட்ரி பெட்டியிலேயே இருக்கிறது. மைக்ரோடிப் பென்சிலின் ஈயக் குச்சியை எடுத்துவிட்டால் அதன் முனை நுண்ணிய குழல். முதலில் கணிப்பொறிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பிராசஸரை ஓரங்களில் மட்டும் பிடித்து, கால் வரிசையைப் பக்கவாட்டில் பார்த்தால் சாய்ந்த கால் தனித்துத் தெரியும். குழல் முனையை அதன்மேல் செருகி, மயிரிழை அளவாக நிமிர்த்த வேண்டும். ஒரு வரிசையே சாய்ந்திருந்தால், மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை வரிசைகளுக்கு நடுவே நுழைத்து நேராக்கலாம். முன்னும் பின்னுமாக வளைத்தல் ஆகாது. தலையில் குத்தும் ஹேர்பின்னை நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துபோவதைப் பார்த்திருக்கிறோமே, அதே உலோகச் சோர்வு இங்கும் உண்டு. கால்களிடையே பேஸ்ட் சிக்கியிருந்தால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான தூரிகையால் நீக்கி, நன்றாக உலரவிட வேண்டும்.

சாக்கெட்டில் தானாக இறங்கினால் சிகிச்சை பலித்தது எனலாம். பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி, கூலரையும் அதன் விசிறி இணைப்பையும் மாட்டிய பின்பே மின்சாரம் தர வேண்டும். திரையில் எழுத்து வந்ததோடு மகிழ்ந்துவிடாமல் நினைவகத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 8 ஜிபி அட்டைகள் இரண்டு பொருத்தியும் 8 மட்டுமே காட்டினால், நினைவகத்தோடு பேசும் கால் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை எனக் கொள்ளலாம்.

ஒரு கால் ஒடிந்தே போனால்? அது எந்தக் கால் என்பதைப் பொறுத்தது. 1,331 கால்களில் பல, ஒரே மின்சாரத்தைப் பகிர்ந்து சுமப்பவை. அவற்றுள் ஒன்று போனால் பிராசஸர் வழக்கம்போல் இயங்கவும் கூடும். செய்தி கொண்டு செல்லும் கால் என்றால் மாற்று இல்லை. நுண்ணோக்கியின் கீழ்ப் பற்றவைக்கத் தெரிந்த தொழிலாளரிடம்தான் போக வேண்டும்.

இன்டெல் நிறுவனம் 2004-இலேயே தன் மேசைக் கணிப்பொறிப் பிராசஸர்களில் கால்களை எடுத்துவிட்டுச் சாக்கெட்டில் வைத்தது. 2022-இல் ஏ.எம்.டி.யும் 1,718 தொடுமுனைகள் கொண்ட ஏ.எம்.5 சாக்கெட்டில் அவ்வாறே செய்தது. அதனால் பிராசஸர் தப்பிக்கிறது. ஆபத்து மதர்போர்டுக்கு மாறிவிட்டது. அங்குள்ள முனைகள் பிறவியிலேயே சாய்ந்த மெல்லிய சுருள்வில் போன்றவையாதலால், மைக்ரோடிப் வைத்தியம் அவற்றுக்குச் செல்லாது. அச்சாக்கெட்டின் மேல் வரும் பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போட்டுவிடாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே. பிராசஸரை எப்போது கழற்றினாலும் உடனே அதைத்தான் மூட வேண்டும்.